சொந்த மனையில் நிற்கும் மரம்: நகர மரப் பாதுகாப்பு விதிகளும் வீட்டு உரிமையாளரின் உரிமைகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மனையில் நானே நட்டு வளர்த்த மரம். அதை வெட்ட நான் ஏன் பிறரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

மரம் உங்களுடையதுதான். நிலமும் அடிமரமும் அது தரும் காயும் விறகும் உங்களுக்கே உரியவை. அவற்றில் எந்த விதியும் கை வைப்பதில்லை. விதி கட்டுப்படுத்துவது, அந்த மரத்தை அழிக்கும் உரிமையை மட்டுமே. மரத்தின் பயன் மதில்சுவரோடு நின்றுவிடுவதில்லை என்பதே இதற்குக் காரணம். அதன் நிழல் தெருவில் நடப்பவர் மேல் விழுகிறது. இலைகள் வெளியிடும் நீராவி சுற்றுப்புறக் காற்றைக் குளிர்விக்கிறது. பெருமழையின் ஒரு பகுதியை இலைப்பரப்பு தாங்கி மெல்லக் கீழே விடுவதால், வடிகால்கள் ஒரே நேரத்தில் நிரம்பி வழிவது குறைகிறது. பல நகரங்களில் மரங்களின் பெரும்பகுதி தனியார் மனைகளில்தான் நிற்கிறது என்பதால், சாலையோர மரங்களையும் பூங்காக்களையும் மட்டும் காத்தால் நகரத்தின் நிழல் காக்கப்பட்டுவிடாது.

சொந்த மனையிலும் எல்லைச் சுவரை ஒட்டி விருப்பம்போல் மாடி எழுப்ப முடியாது. கழிவுநீரைத் தெருவில் விட முடியாது. அக்கம்பக்கத்தாரைப் பாதிக்கும் செயல்களுக்கு எல்லை வகுப்பது சொத்துரிமைக்குப் புதிதன்று. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: கட்டடத்துக்கான விதி எல்லா மனைகளுக்கும் ஒன்றுபோல் பொருந்துகிறது, மரத்துக்கான விதியோ, மரம் வளர்த்தவரை மட்டுமே பிடிக்கிறது. வருடக்கணக்கில் தண்ணீர் ஊற்றியவருக்குக் கட்டுப்பாடு. மனை முழுவதையும் சிமெண்டால் மூடியவருக்கு எதுவும் இல்லை. இந்த விவாதத்தில் எழும் கசப்பின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பயன் ஊருக்கு, செலவு எனக்கு என்பது நியாயமா?

நியாயமன்று என்றே கருதுகிறேன். அதற்காக விதியே வேண்டாம் என்று சொல்வதும் சரியன்று. மரத்தைக் காக்க வேண்டும் என்று ஊர் முடிவெடுக்கும்போது, அந்த முடிவின் செலவிலும் ஊர் பங்கெடுக்க வேண்டும். பெரிய மரம் ஒன்றை நல்ல நிலையில் வைத்திருக்க, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்ந்த ஆளைக் கொண்டு கவாத்து செய்ய வேண்டும். பட்டுப்போன கிளைகளை இறக்க வேண்டும். வயதான மரமென்றால் உள்ளே பொந்து விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவை எல்லாவற்றையும் உரிமையாளர் தலையில் வைத்துவிட்டு, வெட்டினால் அபராதம் என்று மட்டும் சொல்லும் விதி, மரத்தை அவருக்குச் சுமையாக்கிவிடுகிறது.

சுமையான மரம் நீண்ட நாள் உயிரோடு இருப்பதில்லை. அடிமரத்தைச் சுற்றிப் பட்டை உரிக்கப்படுகிறது, வேரில் ஏதோ ஊற்றப்படுகிறது, அல்லது விதி தொடும் பருமனை எட்டும் முன்பே கன்று வெட்டப்படுகிறது. இது வெறும் ஊகமன்று. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், சட்டப் பாதுகாப்புப் பெற்ற ஒரு மரங்கொத்தி இனம் முதிர்ந்த பைன் மரங்களில் கூடு கட்டுகிறது. அந்தப் பறவை வந்து தங்கிவிட்டால் நிலத்தில் கட்டுப்பாடுகள் வந்துவிடும் என்று அஞ்சிய உரிமையாளர்கள், மரங்கள் முதிரும் முன்பே அவற்றை வெட்டியதைப் பொருளியலாளர்கள் டீன் லூக், ஜெஃப்ரி மைக்கேல் இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். காட்டு நிலத்தில் நடந்தது வீட்டு மனையிலும் நடக்கக்கூடியதே. ஆகவே கவாத்துச் செலவில் மானியம், இலவச மரப் பரிசோதனை, பெரிய மரம் வைத்திருப்பவருக்குச் சொத்து வரியில் சலுகை போன்றவற்றை விதியின் உள்ளேயே எழுதிவைப்பது உரிமையாளருக்குக் காட்டும் தயவு ஆகாது. விதி பலிப்பதற்கே அவை தேவை.

எந்த அளவு மரம் விதிக்குள் வரும்?

ஊருக்கு ஊர் மாறும். கனடாவின் டொரண்டோவில், தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் விட்டம் 30 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் தனியார் மரத்துக்கும் அனுமதி வேண்டும். சிங்கப்பூரின் மரப் பாதுகாப்புப் பகுதிகளில், அரை மீட்டர் உயரத்தில் சுற்றளவு ஒரு மீட்டருக்கு மேல் உள்ள மரங்கள் பாதுகாக்கப்படுகின்றன. 1994-ஆம் ஆண்டின் டெல்லி மரப் பாதுகாப்புச் சட்டமோ, 30 சென்டிமீட்டர் உயரத்தில் 5 சென்டிமீட்டர் விட்டமும், மொத்தம் ஒரு மீட்டர் உயரமும் இருந்தாலே அதை மரம் என்று கொள்கிறது.

அளக்கும்போது விட்டத்தையும் சுற்றளவையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். தையல் அளவு நாடாவை மரத்தைச் சுற்றிப் பிடித்தால் கிடைப்பது சுற்றளவு, அதை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் வரும். 94 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள மரத்தின் விட்டம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர்.

மிகச் சிறிய கன்றுக்கும் அனுமதி கேட்கச் சொல்லும் விதி, அலுவலகத்தை விண்ணப்பங்களால் நிரப்பிவிடுகிறது. அந்தக் குவியலில் உண்மையிலேயே காக்க வேண்டிய முதிர்ந்த மரமும் வரிசையில் நிற்கிறது. பருமனை மட்டும் பார்க்காமல், மரத்தின் இனம், வயது, உடல்நிலை ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கும் விதியே எனக்கு ஏற்புடையது.

கிளைகளைக் கழிக்கவும் அனுமதி வேண்டுமா?

பட்டுப்போன கிளைகளை அகற்றுவதற்குப் பெரும்பாலான விதிகள் தடை சொல்வதில்லை. பச்சைக் கிளைகளைக் கழிப்பதற்கு எந்த அளவு வரை விலக்கு என்பதை உங்கள் ஊர் விதியில் பார்த்துக்கொள்ள வேண்டும். அனுமதி தேவையோ இல்லையோ, வெட்டும் முறையை அறிந்திருப்பது அவசியம். அனுமதி பெற்றுச் செய்யப்படும் தவறான கவாத்தாலும் மரங்கள் அழிகின்றன.

கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள். அங்கே சற்றே வீங்கி, சுருக்கம் விழுந்த ஒரு வளையம் தெரியும். கிளையை வெட்டிய பின் காயத்தைச் சுற்றிப் புதுப் பட்டையை வளர்த்து மூடும் திசுக்கள் அந்த வளையத்தில்தான் இருக்கின்றன. வளையத்தையும் சேர்த்து அடிமரத்தோடு வழித்து வெட்டினால் காயம் பெரிதாகி, அழுகல் உள்ளே இறங்கும். மாறாக நீண்ட கட்டையாக விட்டுவிட்டால் அந்தக் கட்டை காய்ந்து, அதன் வழியே பூஞ்சை நுழையும். வெட்டு, வளையத்துக்கு வெளியே, அதை ஒட்டி இருக்க வேண்டும். கனமான கிளையென்றால் முதலில் ஒரு முழம் தள்ளி அடிப்புறத்தில் அரைகுறையாக ஒரு வெட்டு, பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து ஒரு வெட்டு. பாரம் இறங்கிய பின்பே வளையத்தை ஒட்டி இறுதி வெட்டு. இல்லாவிட்டால் கிளை விழும் வேகத்தில் அடிமரத்தின் பட்டையை நெடுக உரித்துக்கொண்டு போய்விடும்.

ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்த அமெரிக்க மரவியலாளர் அலெக்ஸ் ஷைகோ, மரத்தின் காயம் நம் தோலில் ஏற்படும் காயம்போல் ஆறுவதில்லை என்பதை விளக்கினார். கெட்டுப்போன பகுதியை மரம் உள்ளுக்குள்ளேயே சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, அதன்மேல் புதிதாக வளர்கிறது. அடைக்கப்பட்ட பகுதி அப்படியே உள்ளே இருக்கும்.

தலையை முழுதாக மொட்டையடிப்பது இதனால்தான் மிகக் கேடான வேலை. இலைகள் போனதும் மரம் பட்டினி கிடக்கிறது. வெட்டுவாய்களிலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர்கள் கிளம்புகின்றன. அவை மேல்தோலிலிருந்து முளைத்தவை என்பதால் பிடிமானம் குறைவு. சில ஆண்டுகளில் கனத்து, காற்றில் முறிந்து விழுகின்றன. ஆபத்தைக் குறைக்க என்று செய்யப்பட்ட வேலை, ஆபத்தை வரவழைத்துவிடுகிறது. ஓர் ஆண்டில் பச்சைத் தலைப்பகுதியில் கால் பங்குக்கு மேல் கழிக்காமல் இருப்பது பாதுகாப்பானது. முதிர்ந்த மரத்தில் அதற்கும் குறைவாகவே கழிக்க வேண்டும்.

மரம் எந்த நேரமும் வீட்டின்மேல் விழலாம். அனுமதி வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. உயிருக்கோ உடைமைக்கோ உடனடி ஆபத்து இருக்கும்போது உரிமையாளரைக் காத்திருக்கச் செய்யும் விதி எதுவும் நல்ல விதியாகாது. மேலே சொன்ன டெல்லிச் சட்டம், அத்தகைய மரத்தை உடனே வெட்டிவிட்டு 24 மணி நேரத்துக்குள் மர அலுவலருக்குத் தெரிவிக்க அனுமதிக்கிறது. இங்கிலாந்திலும், பாதுகாப்பு ஆணை உள்ள மரமானாலும் உடனடி ஆபத்தை நீக்கத் தேவையான அளவு வேலையைச் செய்துகொள்ளலாம். எந்த ஊரானாலும், வெட்டும் முன் எல்லாப் பக்கத்திலிருந்தும் புகைப்படம் எடுங்கள். பிளவுபட்ட கவடு, அடியில் முளைத்த காளான், தூக்கிக்கொண்ட மண் ஆகியவற்றை அருகிலிருந்து எடுங்கள். அழுகிய பகுதியிலிருந்து ஒரு துண்டை அறுத்து வைத்துக்கொள்ளுங்கள். மரம் போன பிறகு அது ஆபத்தானதாக இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது.

ஆபத்து என்ற சொல்லை வரையறுக்காமல் விடுவதும் தீங்குதான். அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 2019-இல் ஒரு சட்டம் இயற்றியது. சான்று பெற்ற மர வல்லுநர் ஒருவர், மரம் ஆபத்தானது என்று எழுதித் தந்தால், வீட்டு மனையில் உள்ள அந்த மரத்தை வெட்ட உள்ளாட்சி அனுமதியோ கட்டணமோ மாற்று மரமோ கேட்கக் கூடாது என்றது அது. எவ்வளவு ஆபத்து என்பதைச் சட்டம் சொல்லாததால் வழக்குகள் எழுந்தன. 2022-இல் அதைத் திருத்தி, வல்லுநர் நேரில் வந்து மதிப்பிட வேண்டும் என்றும், மரத்தை அகற்றுவதைத் தவிர ஆபத்தைக் குறைக்க நடைமுறை வழி இல்லாதபோதே இந்த விலக்கு பொருந்தும் என்றும் சேர்த்தார்கள். உரிமையாளரின் பாதுகாப்பும் மரத்தின் பாதுகாப்பும் ஒரே விதிக்குள் நிற்க முடியும் என்பதற்கு இந்தத் திருத்தம் நல்ல சான்று.

சுவரில் விரிசல் விழுகிறது. மரம்தான் காரணம் என்று எப்படி அறிவது?

மரத்தைக் குற்றம் சாட்டும் முன் மண்ணைப் பார்க்க வேண்டும். மணல் கலந்த மண்ணில் வேர்கள் அஸ்திவாரத்தை அசைப்பது அரிது. ஈரத்தில் உப்பி, வறட்சியில் சுருங்கும் களிமண்ணில்தான் சிக்கல் வருகிறது. கோடையில் வேர்கள் நீரை உறிஞ்ச, வீட்டின் ஒரு மூலைக்கு அடியில் மட்டும் மண் சுருங்கி, அந்த மூலை இறங்குகிறது. 1976-இல் பிரிட்டனில் ஏற்பட்ட கடும் வறட்சிக்குப் பின் இத்தகைய புகார்கள் பெருகியபோதுதான் இந்தச் சிக்கல் பரவலாகக் கவனம் பெற்றது.

இவ்வகை விரிசல் பெரும்பாலும் கதவு, ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாகக் கிளம்பும். ஒரு முனை அகன்றும் மறுமுனை மெலிந்தும் இருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமான அடையாளம், அது பருவத்தோடு மாறுவது: வறண்ட மாதங்களில் விரிந்து, மழைக்குப் பின் மூடிக்கொள்ளும். விரிசலின் இரு பக்கமும் பென்சிலால் புள்ளி வைத்து, தேதி போட்டு, மாதந்தோறும் இடைவெளியை அளந்து எழுதிவைத்தால், ஓராண்டில் கையில் ஓர் ஆதாரம் இருக்கும். ஆண்டு முழுவதும் மாறாமல் இருக்கும் விரிசலுக்குப் பூச்சோ கட்டுமானக் குறையோ காரணமாக இருக்கலாம்.

மரத்தை வெட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். வீட்டைவிட மரம் மூத்ததாக இருந்தால், அது நீண்ட காலமாக வறளச் செய்து வைத்திருந்த களிமண், மரம் போனதும் நீரை இழுத்து உப்பி, அஸ்திவாரத்தை மேலே தள்ளும். அந்தச் சேதம் முன்னதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம். இங்கே கட்டடப் பொறியாளரின் கருத்து கட்டாயம் தேவை.

மரம் பொது இடத்தில் நின்று, அதன் வேர் உங்கள் வீட்டைச் சேதப்படுத்தினால், எழுத்து மூலம் முறையிடுவது மிக முக்கியம். லண்டனில் சாலையோர மரத்தின் வேர்கள் ஒரு குடியிருப்பைச் சேதப்படுத்திய வழக்கில், முறையான அறிவிப்பும் சரிசெய்யப் போதிய வாய்ப்பும் தரப்பட்டும் மரத்தை அகற்ற மறுத்த உள்ளாட்சி, அஸ்திவாரத்தைப் பலப்படுத்திய செலவை ஏற்க வேண்டும் என்று அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை 2001-இல் தீர்ப்பளித்தது. காக்க வேண்டும் என்று முடிவெடுப்பவர் அதன் விலையையும் தர வேண்டும் என்ற கொள்கை இந்தத் தீர்ப்பில் தெளிவாக இருக்கிறது.

வேர்கள் கழிவுநீர்க் குழாயை உடைத்துவிட்டன. இதைக் காட்டி அனுமதி பெறலாமா?

நல்ல நிலையில் உள்ள குழாயை வேர் உடைப்பது அரிது. பழைய குழாயின் இணைப்பில் முதலில் கசிவு ஏற்படுகிறது; ஈரத்தையும் சத்தையும் தேடி நூல் போன்ற வேர் அந்த இடுக்கில் நுழைந்து, உள்ளே சடைபோல் வளர்ந்து அடைக்கிறது. குழாயை மாற்றி இணைப்பை இறுக்கமாகச் செய்வதுதான் தீர்வு. மரத்தை வெட்டினாலும் கசிவு அப்படியேதான் இருக்கும். அடுத்த செடியின் வேர் அங்கே வரும். இந்த ஒரு காரணத்துக்காக மரத்தை அகற்ற அனுமதி மறுக்கப்பட்டால் அது நியாயமான மறுப்பே.

பக்கத்து வீட்டு மரத்தின் கிளை என் மனைக்குள் நீண்டிருக்கிறது. நான் வெட்டலாமா?

பல நாடுகளின் சட்டம், எல்லையைத் தாண்டி வந்த பகுதியை எல்லைவரை வெட்டிக்கொள்ள அனுமதிக்கிறது. ஜெர்மனியில், அப்படி வெட்டுவதால் மரமே பட்டுப்போகும் என்ற அச்சம்கூட இந்த உரிமையைப் பறிக்காது என்று அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் 2021-இல் கூறியது. ஆனால் இயற்கைப் பாதுகாப்பு விதிகள் தடுத்தால் தடைதான் என்றும் சேர்த்துச் சொன்னது. ஆகவே மரம் பாதுகாக்கப்பட்டதா என்று முதலில் விசாரியுங்கள். வெட்டுவதற்காக அயலார் மனைக்குள் கால் வைக்கும் உரிமை உங்களுக்கு இல்லை.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், அண்டை வீட்டாருக்கிடையேயான மரத் தகராறுகளுக்காகவே 2006-இல் ஒரு சட்டம் வந்தது. நீதிமன்றத்துக்கு வரும் முன் பேசித் தீர்க்க நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. இலை, பூ, காய் உதிர்வது நகரத்தில் மரங்களின் பயனை அனுபவிப்பவர் ஏற்றுக்கொள்ள வேண்டிய சாதாரணப் பராமரிப்பு. அது மட்டுமே மரத்தை அகற்றக் காரணமாகாது என்பது அங்குள்ள நீதிமன்றம் வழக்கமாகப் பின்பற்றும் கொள்கை. நானும் அதையே சரியென்று ஏற்கிறேன். கூட்டிப் பெருக்குவது சிரமம்தான். ஆனால் அந்தச் சிரமத்துக்கு ஈடாக ஒரு முதிர்ந்த மரத்தைக் கொடுப்பது மிக அதிக விலை.

வீட்டை விரிவாக்க வேண்டும். மரம் குறுக்கே நிற்கிறது. என்ன செய்யலாம்?

வரைபடம் போடும் முன்பே மரத்தை அளந்துவிடுங்கள். பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணில், ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் ஆழத்துக்குள் பரவியிருக்கும். தலைப்பகுதியின் விளிம்பைத் தாண்டியும் வெகுதூரம் போகும். பிரிட்டிஷ் கட்டுமானத் தரநிலை பி.எஸ். 5837, அடிமர விட்டத்தின் 12 மடங்கை ஆரமாகக் கொண்ட வட்டத்தை வேர்ப் பாதுகாப்புப் பரப்பாகக் கொள்கிறது. 50 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரத்துக்கு இது 6 மீட்டர். அந்த வட்டத்துக்குள் பள்ளம் தோண்டுவது மட்டுமல்ல, செங்கல்லும் ஜல்லியும் குவிப்பதும் லாரி ஏற்றுவதும்கூட மண்ணை இறுக்கி வேரை மூச்சுத்திணறச் செய்யும். மரம் உடனே வாடாது. சில ஆண்டுகள் கழித்து உச்சியிலிருந்து காயத் தொடங்கும்போது, காரணம் எல்லோருக்கும் மறந்துபோயிருக்கும்.

தொடர் அஸ்திவாரத்துக்குப் பதிலாகத் தூண் அஸ்திவாரம், வேரை அறுக்காமல் கையால் தோண்டுதல், அறையின் இடத்தைச் சற்றே மாற்றுதல் ஆகிய வழிகள் உண்டு. இவற்றுக்கு இடம் தரும் வகையில் கட்டட விதிகளும் வளைந்துகொடுக்க வேண்டும். மரத்தைக் காப்பவருக்குப் பின்புற இடைவெளியிலோ வாகன நிறுத்த அளவிலோ தளர்வு தரலாம். மரத்துறை ‘இங்கே கட்டாதே’ என்றும், கட்டடத் துறை ‘அங்கே கட்டாதே’ என்றும் சொன்னால், உரிமையாளர் எங்கேதான் கட்டுவார்?

மரம் வெட்டினால் எத்தனை மாற்று மரங்கள் கேட்கலாம்?

இழப்புக்கு ஏற்ற அளவில் கேட்கலாம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கேன்டன் என்ற ஊராட்சியில், ஒரு நிறுவனம் தன் நிலத்தில் அனுமதியின்றி 159 மரங்களை வெட்டியது. ஊராட்சி விதிப்படி மாற்று மரங்கள் நட வேண்டும், அல்லது மர நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். இந்தத் தேவை, வெட்டியதால் ஏற்பட்ட உண்மையான பாதிப்புக்கு ஏற்றதுதானா என்பதைத் தனித்தனியாக மதிப்பிடாமல் விதித்தது அரசியலமைப்புக்கு முரணானது என்று கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. டெக்சாஸ் மாநிலம் 2017-இல் இயற்றிய சட்டம், மரம் வெட்டியதற்காக உள்ளாட்சி கேட்கும் கட்டணத்தை, மரம் நட்டுக் கழித்துக்கொள்ள வழி செய்தது.

மரம் நடுவதைவிட அதைப் பிழைக்கவைப்பதே கடினம். பத்துக் கன்று நட்டதாகக் கணக்குக் காட்டுவதைவிட, இரண்டு கன்றுகளை மூன்றாண்டுகள் தண்ணீர் ஊற்றிக் காப்பதை நிபந்தனையாக்குவது மேல்.

சூரிய மின்தகட்டின்மேல் நிழல் விழுகிறது. மரத்தை அகற்றலாமா?

எது முதலில் வந்தது என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தின் 1978-ஆம் ஆண்டுச் சட்டம், அண்டை மனை மரங்களின் நிழலிலிருந்து தகட்டுக்குப் பாதுகாப்புத் தந்தது. 2008-இல் திருத்தப்பட்ட பின், தகடு பொருத்தும் முன்பே நடப்பட்ட மரங்களுக்கு அது பொருந்துவதில்லை. நியாயமான எல்லைக்கோடு.

அனுமதி மறுக்கப்பட்டால் என் உரிமை என்ன?

மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் பெறும் உரிமை, மேல்முறையீட்டு உரிமை, குறிப்பிட்ட நாளுக்குள் முடிவு பெறும் உரிமை ஆகிய மூன்றும் இல்லாத விதி அரைகுறை விதி. இங்கிலாந்தில் கட்டடக்கலைச் சிறப்புக்காகவோ வரலாற்றுச் சிறப்புக்காகவோ பாதுகாக்கப்பட்ட பகுதிகளில், தனி ஆணை இல்லாத மரத்துக்கு ஆறு வார முன்னறிவிப்புத் தந்தால் போதும். அதற்குள் உள்ளாட்சி பாதுகாப்பு ஆணை பிறப்பிக்காவிட்டால் உரிமையாளர் வேலையைத் தொடங்கலாம். மௌனத்தின் விளைவை அலுவலகம் ஏற்க வேண்டும் என்ற இந்த ஏற்பாடு எல்லா ஊர்களுக்கும் தேவை. அங்கேயே, பாதுகாப்பு ஆணை உள்ள மரத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டு, அதன் விளைவாக முன்கூட்டியே கணிக்கக்கூடிய சேதம் நேர்ந்தால் இழப்பீடும் கோரலாம்; நிலத்தின் விலை குறைந்தது என்பதற்கு மட்டும் கோர முடியாது.

ஆகவே விண்ணப்பிக்கும்போதே சேதத்தையும் ஆபத்தையும் புகைப்படத்தோடும் வல்லுநர் அறிக்கையோடும் எழுதிவையுங்கள். பிற்பாடு கிளை முறிந்து கூரையில் விழுந்தால், ‘இது எங்களுக்குத் தெரியாது’ என்று அலுவலகம் சொல்ல முடியாதபடி அந்த விண்ணப்பம் இருக்க வேண்டும். அதன் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கிவையுங்கள். மறுப்புக் கடிதம் வந்தால் அதன் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்; மேல்முறையீட்டுக்கும் இழப்பீட்டுக்குமான கெடு அதை ஒட்டியே கணக்கிடப்படும்.